கூடி வாழ்வதும் கூட்டி அடைப்பதும்: மாணவர் விடுதிகள் குறித்துச் சில கேள்விகள்

1

மாணவர் விடுதி கட்டுகிறவர்கள் இப்போதெல்லாம் ஒரு வார்த்தையைத் தவறாமல் உச்சரிக்கிறார்கள்: 'சமூக உணர்வு'. தனியார் பல்கலைக்கழக விளம்பரத்தைப் பாருங்கள், அரசு விடுதித் திறப்புவிழாப் பேச்சைக் கேளுங்கள். மாணவர்கள் எல்லாரும் ஒரே குடும்பமாக வாழப் போகிறார்களாம். அதற்குப் பொது அறை, நடுமுற்றம், உடற்பயிற்சிக்கூடம், வசதியுள்ள இடங்களில் தூண் வைத்த திண்ணை வரைக்கும் உண்டு. சுவரைச் சரியான இடத்தில் எழுப்பினால் மனிதர்கள் தானாகச் சேர்ந்துவிடுவார்கள் என்பது இதிலுள்ள நம்பிக்கை.

நான் சொல்ல வருவது எளிமையானது. விடுதியில் மாணவர்கள் கூடுவதும் கூடாமல் போவதும் மூன்று இடங்களில் தீர்மானமாகிறது. அறை ஒதுக்கும் பட்டியல், சாப்பாட்டுப் பந்தி, வாசல் கதவின் சாவி. இந்த மூன்றும் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியைத் தொடாத வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சமூகத்தை உருவாக்காது. அப்படியே உருவாக்கினாலும் அது யாரையோ அவமானப்படுத்தி, யாரையோ வெளியே நிறுத்திப் பெற்ற சமூகமாகத்தான் இருக்கும்.

இதைப் பாகாயத்திலிருந்து பேசுவதற்குக் காரணம் உண்டு. காட்பாடியில் ஏறினால் பாகாயத்தில் கொண்டுவிடும் டவுன் பஸ் வேலூர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு தடத்திலேயே விடுதி என்கிற விஷயத்தின் பல முகங்களைப் பார்த்துவிடலாம். காட்பாடிப் பக்கம், 1984-ல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2001-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான வி.ஐ.டி.யின் பல மாடி விடுதித் தொகுதிகள். நடுவில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கும் லாட்ஜுகள். கடைசி நிறுத்தத்தில், மலையடிவாரத்தில், சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி வளாகமும் அதன் மாணவர் விடுதிகளும்.

இந்த வரிசையில் அந்த லாட்ஜுகளை நான் வேண்டுமென்றேதான் சேர்க்கிறேன். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்த குடும்பங்கள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அங்கே தங்குகின்றன. அறையிலேயே சமைத்துக்கொள்கிறார்கள். எந்தக் கவுண்டரில் எந்தச் சீட்டு, எந்த டாக்டர் என்னைக்கு வருவார், மீன் எங்கே மலிவு என்பதெல்லாம் தாழ்வாரத்தில் வைத்தே கைமாறும். நேற்று வந்தவருக்கு முந்தாநாள் வந்தவர் வழிகாட்டுகிறார். அங்கே பொது அறை கிடையாது, நடுமுற்றம் கிடையாது. காற்றுகூடச் சரியாக வராது. ஆனாலும் ஒரு கூட்டு உருவாகிறது. ஏன்? எல்லாருக்கும் ஒரே தேவை. ஒருவர் இன்னொருவருக்கு மேலதிகாரி இல்லை. அடுப்பு அவரவர் கையில். இந்த மூன்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

2

பாகாயம் வளாகத்தின் கதை மற்ற விடுதிகளின் கதையிலிருந்து வேறுபட்டது. ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்கென்று தொடங்கிய மருத்துவப் பள்ளி 1932-ல் ஊருக்கு வெளியே இங்கே இடம்பெயர்ந்தது. ஆண் மாணவர்கள் 1947-ல்தான் சேர்க்கப்பட்டார்கள். பெண்களுக்காகக் கட்டிய வீட்டுக்குள் ஆண்கள் பின்னால் வந்து சேர்ந்த கல்லூரி என்று சொல்லலாம். இந்திய உயர்கல்வியில் இப்படித் தலைகீழாக நடந்த இடங்கள் குறைவு.

மருத்துவ மாணவர்கள் வளாகத்துக்குள் தங்கித்தான் படிக்க வேண்டும் என்பது இங்கே விதி. ஒவ்வொரு மாணவருக்கும் ஆசிரியர் குடும்பம் ஒன்று வளர்ப்புப் பெற்றோர் மாதிரி ஒதுக்கப்படுகிறது. முதலாண்டு மாணவர்கள் சுற்றுப்பக்கக் கிராமம் ஒன்றில் சில வாரம் தங்கி, வீடுவீடாகப் போய், மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று விசாரித்து எழுத வேண்டும். கட்டிடம், ஒழுங்கு, சடங்கு எல்லாம் சேர்ந்து 'நாம்' என்ற உணர்வைத் திட்டமிட்டு வளர்த்த இடம் இது. அந்த உணர்வு பொய்யும் அல்ல. இங்கே படித்தவர்கள் போக்குவரத்து இல்லாத ஊர்களின் மிஷன் ஆஸ்பத்திரிகளுக்குப் போய் வேலை செய்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் ஆயுள் முழுக்கத் தோள் கொடுத்திருக்கிறார்கள். விடுதி வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் அவர்கள் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும்.

இதே வளாகத்தின் ஆண்கள் விடுதியில்தான் முதலாண்டு மாணவர்கள் அரைகுறை ஆடையில் நடத்தப்பட்டு இழிவுபடுத்தப்பட்ட வீடியோ 2022 நவம்பரில் வெளியே வந்தது. மூத்த மாணவர்கள் ஏழு பேரை நிர்வாகம் இடைநீக்கம் செய்தது. பாகாயம் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது.

இதற்கு வழக்கமான விளக்கம் ஒன்று உண்டு: 'எங்கேயும் நாலு பேர் கெட்டவர்கள் இருப்பார்கள்'. இதை நான் ஏற்கவில்லை. அந்த அன்பும் இந்த இழிவும் தனித்தனி ஊற்றுகளிலிருந்து வந்தவை என்று நினைத்துக்கொள்வது நமக்குச் சௌகரியமாக இருக்கலாம். ஆனால் ராகிங்குக்கு ஆளானவர்களிடமே கேட்டுப் பாருங்கள். எந்த ஊர் விடுதியானாலும் பலர் சொல்வது ஒன்றுதான்: 'அதுக்கப்புறம்தான் சார் நாங்க எல்லாம் ஒண்ணானோம்.' மானிடவியலாளர் விக்டர் டர்னர், சடங்கின் நடுக்கட்டத்தில் இருப்பவர்களிடமிருந்து பட்டம், பதவி, உடை எல்லாம் கழன்றுவிடுகின்றன, அங்கே ஒரு தீவிரமான சமத்துவம் பிறக்கிறது என்று விளக்கினார். விடுதிச் சடங்கில் நடப்பதும் பாதி இதுதான். முதலாண்டு மாணவர்கள் தங்களுக்குள் சமமாகிறார்கள். எதனால்? எல்லாரும் சமமாக மிதிக்கப்பட்டதனால். மறுபாதியை டர்னரை வைத்துக்கொண்டு மட்டும் புரிந்துகொள்ள முடியாது. மிதிபட்டவனுக்கு அடுத்த வருஷம் மிதிக்கிற உரிமை கிடைக்கிறது. கடன் வாங்கினவன் இன்னொருவனிடம் வட்டியோடு வசூலிக்கிற மாதிரி. சாதியின் ஏணிப்படியும் இப்படித்தானே நிற்கிறது? கீழே ஒருத்தன் இருக்கிறான் என்கிற ஆறுதலில்.

1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் பொன். நாவரசு மூத்த மாணவர் ஒருவரால் விடுதியில் கொல்லப்பட்டார். நாடே அதிர்ந்தது. தமிழ்நாட்டில் 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையை உச்சநீதிமன்றம் உறுதிசெய்ய 2011 வரை ஆனது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ம் ஆண்டு விதிமுறைகள், முதலாண்டு மாணவர்களை முடிந்தவரை தனி விடுதிக் கட்டிடத்தில் வைக்கச் சொல்கின்றன. உயிர் காக்க இது அவசியம். சட்டத்துக்கு எதிராக நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கட்டிடத்தின் மொழியில் இந்த விதி என்ன சொல்கிறது என்று வாசித்துப் பார்க்க வேண்டும். மூத்தவனையும் இளையவனையும் சமமாகச் சேர்த்து வைக்க நமக்குத் தெரியாது, ஆகவே பிரித்துப் பூட்டுவோம் என்கிறது. கெட்ட கூட்டுக்கு மாற்றாக நல்ல கூட்டை யாரும் யோசிக்கவில்லை. கூட்டே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அவ்வளவுதான்.

3

நடைபாதையைக் கவனிப்போம். நம்மூர் விடுதிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வரைபடம்தான். நடுவில் நீண்ட இருட்டு நடை, இரண்டு பக்கமும் எதிரெதிர்க் கதவுகள், நடையின் முனையில் பொதுக் கழிப்பறை, மாடிப்படிக்குப் பக்கத்தில் வார்டன் அறை. செலவு குறைவு, ஒரு சதுர அடிக்கு அதிகத் தலைகள். சிறைச்சாலை, படை முகாம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் ஒன்றையொன்று ஒத்திருப்பதில் என்ன ஆச்சரியம் என்று ஃபூக்கோ 1975-ல் கேட்டார். பெந்தாமின் வட்டச் சிறையை வைத்து அவர் எழுதியதை நம் சிறுபத்திரிகைகள் தொண்ணூறுகளில் நிறையப் பேசின. நம்மூர் விடுதிக்கு அந்த வட்டக் கோபுரம்கூடத் தேவைப்படவில்லை. நீண்ட நடையின் ஒரு முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும், நாற்பது கதவும் கண்ணுக்குள். இப்போது நாற்காலி போய் காமிரா வந்திருக்கிறது.

வேறு மாதிரி யோசித்தவர்களும் உண்டு. அகமதாபாத் ஐ.ஐ.எம். விடுதிகளை 1962-க்குப் பிறகு வடிவமைத்த லூயி கான் அந்த நீண்ட நடையையே ஒழித்துக்கட்டினார். பத்துப் பத்து அறைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பத்துக்கும் நடுவில் ஒரு மாடிப்படியையும் தேநீர்க் கூடத்தையும் வைத்தார். அறைக்குப் போகிறவன் அந்தக் கூடத்தைக் கடந்துதான் போக வேண்டும். பத்துப் பேர் என்றால் பெயர் தெரியும், ஊர் தெரியும், காய்ச்சல் வந்தால் தெரியும். நாற்பது பேர் என்றால் நம்பர்தான் தெரியும். 2020 டிசம்பரில் அந்த 18 விடுதிகளில் 14-ஐ இடிக்கப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்ததும் 2021 தொடக்கத்தில் பின்வாங்கியது. அந்தச் சண்டையில் செங்கல் வளைவுகளின் அழகைப் பற்றி ஏராளமாக எழுதினார்கள். பத்துப் பேருக்கு ஒரு கூடம் என்ற கணக்கு அதில் காணாமல் போனது.

இதற்கு நேரெதிர் உதாரணம் அமெரிக்காவில். கலிபோர்னியாவின் சான்டா பார்பரா பல்கலைக்கழகத்துக்கு 4,500 மாணவர்கள் தங்கும் விடுதி கட்ட, கோடீஸ்வரர் சார்லி மங்கர் 20 கோடி டாலர் தருவதாகச் சொன்னார், தன் வரைபடத்தை அப்படியே கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. படுக்கையறைகளில் 94 சதவீதத்துக்கு ஜன்னல் கிடையாது. ஜன்னல் இல்லாத அறையில் எவன் உட்காருவான், பொது இடத்துக்கு வந்துதானே ஆக வேண்டும், அங்கே பழகித்தானே ஆக வேண்டும் என்பது அவர் தர்க்கம். ஆலோசனைக் குழுவிலிருந்த கட்டிடக் கலைஞர் ஒருவர் 2021-ல் விலகினார், விஷயம் வெடித்தது, 2023-ல் பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. 'சமூக உணர்வை வளர்க்கும் வடிவமைப்பு' என்ற பேச்சின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை மங்கர் மறைக்காமல் காட்டிவிட்டார். ஆளைத் தனியாக இருக்க முடியாமல் பண்ணிவிட்டால் அவன் கூட்டத்துக்கு வந்துதான் தீர வேண்டும். தனிமை மறுக்கப்பட்டவன் கூட்டத்துக்கு வருவது தன் விருப்பத்தால் அல்ல. கதவைச் சாத்திக்கொள்ள உரிமை உள்ளவன் அதைத் திறந்துகொண்டு வரும்போதுதான் அங்கே கூட்டு என்று ஒன்று பிறக்கிறது.

திண்ணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய தமிழ் வீட்டின் பொது வெளி என்று அதை இன்றைய கட்டிடக் கலைஞர்கள் உருகுகிறார்கள். திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவில் நின்று பேச வேண்டும், யார் அந்தத் தெருவுக்குள்ளேயே செருப்புப் போட்டுக்கொண்டு வரக்கூடாது என்பதெல்லாம் அந்தத் திண்ணையோடு சேர்ந்து கட்டப்பட்டவை. செருப்பு தைத்து உலகத்துக்கே அனுப்புகிற ஆம்பூர்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதை மறந்துவிட முடியாது.

4

அடுத்தது பந்தி. தமிழ்நாட்டில் விடுதியைப் பற்றிய முதல் பெரிய அரசியல் சண்டை சாப்பாட்டு இலையில் நடந்தது. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய தமிழ்க் குருகுலம் தேசிய உணர்வுள்ள இளைஞர்களை உருவாக்க வந்த உறைவிடப் பள்ளி. தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு ஐயாயிரம் கொடுத்திருந்தது. அங்கே பிராமண மாணவர் இருவருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு என்ற செய்தி வெளியானதும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுந்தார்கள். 1924-25-ல் தமிழ்நாட்டு அரசியல் அந்த இரண்டு இலைகளைச் சுற்றித்தான் சுழன்றது. ஐயர் 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் இறந்துபோனார். அந்த ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவக் கோரிக்கை மறுக்கப்பட்டுப் பெரியார் காங்கிரஸைவிட்டு வெளியேறியபோது, குருகுலத்தின் கசப்பும் அவர் கூடவே வெளியேறியது. ஒரே கூரை, ஒரே பாடம், ஒரே கைத்தொழில் எல்லாம் இருந்தும் பந்தி இரண்டாக இருந்தது. அது போதுமானதாக இருந்தது, எல்லாவற்றையும் உடைக்க.

பழைய கதை என்கிறீர்களா? 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஹிமாலயா மெஸ்ஸில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி வாசல், கை கழுவத் தனி இடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. மாணவர்கள் எதிர்த்ததும் கிழித்தெடுக்கப்பட்டது. 2022 மே மாதத்தில் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்து, அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றது. எதிர்ப்பு வந்தது, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. மாட்டுத் தோலால் வாழ்கிற ஊரில் மாட்டுக்கறிக்குப் பந்தியில் இடம் இல்லை! தோல் பதனிடுகிற கை வேண்டும், அந்தக் கை தின்கிற சோறு வேண்டாம். ஒரு விடுதியின் மெஸ் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அந்த நிறுவனம் யாரைத் தன் மாணவனாகக் கற்பனை செய்து வைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பந்தியில் இன்னொரு தரப்பும் உண்டு. அதை மாணவர்களும் பார்ப்பதில்லை. இந்தப் பக்கத்து விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்க்கிற ஒரு அம்மாவிடம் புதிய மெஸ் கட்டிடத்தைப் பற்றிக் கேட்டேன். கிரானைட் மேடை, ஸ்டீல் மேசை, பெரிய ஜன்னல், எல்லாம் பளபளன்னு இருந்தது. அவர் கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் கீது சார். நாங்க குந்திச் சாப்புட எடம் எங்க கீது?" அவர்கள் சாப்பிடுவது பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில். வரைபடத்தில் 'சமையல் பணியாளர்' என்று ஒரு சதுரம்கூட இல்லை. சமூகம் வளர்க்கிறதாகச் சொல்லிக்கொள்கிற கட்டிடத்தில் முந்நூறு பேருக்குச் சோறு போடுகிறவர்கள் சமூகத்தில் சேர்த்தி இல்லை.

5

2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு தன் நலத்துறை விடுதிகள் எல்லாவற்றுக்கும் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றியது. 2,739 விடுதிகள், 1,79,568 மாணவர்கள் என்று அரசே கணக்குச் சொன்னது. ஆதிதிராவிடர் விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி என்று நெற்றியில் எழுதி ஒட்டின பலகை இறங்கியதை நான் வரவேற்கிறேன். அந்தப் பலகையைக் கடந்து உள்ளே போகிறபோது பக்கத்துத் தெருக்காரர்கள் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் பலகை மாறியதும் பந்தி மாறிவிடுமா? 2023-ல் உயர்த்திய பிறகும் கல்லூரி விடுதி மாணவருக்கு மாத உணவுப்படி 1,500 ரூபாய். நாளைக்கு 50 ரூபாய், மூணு வேளைக்கு. சமூகநீதிக்கு விலைப்பட்டியல் போட்டால் ஒரு வேளைக்குப் பதினாறு ரூபாய் அறுபத்தேழு காசு வருகிறது.

நானும் வட ஆற்காட்டில் அப்படியொரு அரசு விடுதியில் மூன்று வருஷம் இருந்தவன். ஒரு அறையில் பதினேழு பேர், பதினேழு டிரங்குப் பெட்டி, ஒரு பல்பு. பொது அறை என்று ஒன்று இருந்ததாக ஞாபகம், அதில் உடைந்த கட்டில்களைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். எந்த வடிவமைப்புக்காரரும் அங்கே 'சமூக உணர்வு' வளரும் என்று சொல்லியிருக்க மாட்டார். ஆனால் நாங்கள் படிக்கக் கற்றது மொட்டைமாடியில். ஒருவன் வாங்கிவந்த சிறுபத்திரிகையைப் பதினேழு பேரும் கை மாற்றிப் படித்தோம். அரிசியில் புழு நெளிந்தபோது தட்டோடு போய் ரோட்டில் உட்கார்ந்தோம். அதற்குப் பிறகு சில மாதம் மெஸ் கணக்கை எங்கள் கையில் எடுத்தோம். மார்க்கெட்டுக்குப் போய் வந்தவன், நோட்டில் எழுதினவன், தப்பு இருந்தால் சண்டை போட்டவன் எல்லாம் நாங்கள்தான். சாம்பார் கெட்டியானது. அதைவிட முக்கியமாக, வெவ்வேறு ஊர், வெவ்வேறு சாதிப் பையன்கள் ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு முன்னால் சமமாக உட்கார்ந்தோம். மறுவருஷம் நோட்டு திரும்பவும் அதிகாரி கைக்குப் போனது. சாம்பார் பழையபடி தண்ணீர் ஆனது, மொட்டைமாடிக் கதவுக்கும் பூட்டு வந்தது. இரண்டு பூட்டும் ஒரே வாரத்தில் விழுந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

பம்பாய் வடாலாவில் அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகம் நடத்திய சித்தார்த் விஹார் விடுதி இல்லாமல் 1972-ல் தோன்றிய தலித் பாந்தர் இயக்கத்தைப் பற்றிப் பேச முடியாது. தமிழ்நாட்டிலும் விடுதியில் கிடந்து படித்த எத்தனையோ பேர் எழுத்தாளராக, வழக்கறிஞராக, களப்பணியாளராக வெளியே வந்திருக்கிறார்கள். அதிகாரத்துக்கு இது நன்றாகத் தெரியும். எந்த மாணவர் போராட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாகத்தின் முதல் உத்தரவு என்ன? 'காலவரையறையற்ற விடுமுறை, விடுதியை உடனே காலி செய்யவும்.' விடுதி சமூகத்தை உண்டாக்கும் என்பதைக் கட்டிடக் கலைஞர்களைவிடக் காவல்துறை ஆழமாக நம்புகிறது.

விடு என்ற வேரிலிருந்துதான் விடுதியும் வருகிறது, விடுதலையும் வருகிறது. நம் நிர்வாகங்களுக்கு முதல் சொல்தான் தெரியும். அதிலும் பெண்கள் விடுதி என்றால் கேட்கவே வேண்டாம். 2015-ல் டெல்லியில் மாணவிகள் 'பிஞ்ஜ்ரா தோட்', கூண்டை உடை, என்று இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. 2022-ல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இரவு ஒன்பதரை மணிப் பூட்டுக்கு எதிராக நீதிமன்றம் போனார்கள். பெண்களை மட்டும் ஏன் பூட்டுகிறீர்கள் என்று கேரள உயர்நீதிமன்றம் கேட்டது. இரவு வார்டில் உயிர் காக்கப் பழக வேண்டிய மாணவிக்கு இரவு ஒன்பதரை மணிக்கு மேல் நடந்துவரத் தகுதி இல்லையாம்.

இங்கே ஒரு எதிர்வாதம் உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வாணியம்பாடிப் பக்கத்திலோ பேரணாம்பட்டுப் பக்கத்திலோ ஒரு வீட்டில் முதல்முதலாகப் பெண் கல்லூரிக்குப் போகிறாள். 'அங்க ஆறு மணிக்கு மேல வெளிய உட மாட்டாங்க' என்கிற ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அவள் அப்பா கையெழுத்துப் போடுகிறார். பூட்டைத் தூக்கினால் அந்தப் பெண் வீட்டிலேயே நின்றுவிடுவாள் என்கிறார்கள் தோழர்கள் சிலர். உண்மைதான், நிற்கக்கூடும். ஆனால் அந்தப் பூட்டின் சாவி அப்பாவிடமிருந்து வார்டனுக்குக் கைமாறியதோடு கதை முடிந்துவிடக் கூடாது. நேரத்தை விடுதிப் பெண்களே பொதுக்கூட்டத்தில் பேசித் தீர்மானிக்கட்டும். ஆண்கள் விடுதிக்கும் அதே நேரம் இருக்கட்டும். பஸ் நிறுத்தத்திலிருந்து வாசல் வரைக்கும் விளக்குப் போடட்டும். பாதுகாப்புக்கு வேண்டியது வெளிச்சமும் ஆள் நடமாட்டமும். பூட்டு இரண்டையும் குறைக்கிறது.

6

அப்படியானால் வடிவமைப்பே தேவையில்லையா? நான் அப்படிச் சொல்லவில்லை. சுவர் அதிகாரத்தின் எழுத்து. எழுத்தை மாற்றி எழுதலாம். விடுதி கட்டுகிறவர்களிடமும் நடத்துகிறவர்களிடமும் நாம் கேட்க வேண்டியவை இவை.

ஒன்று: நீண்ட நடை வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு மாடிப்படி, ஒரு கூடம், ஒரு அடுப்பு, போதுமான கழிப்பறை. மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற வேலூர் வெயிலில் அறையின் ஒரு பக்கம் தாழ்வாரமும் மறுபக்கம் ஜன்னலும் இருந்தால்தான் காற்று ஊடே போகும். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துக்காக அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதியில், கண்ணாடி ஜன்னலே இல்லாமல், சாய்த்துத் திருப்பும் பலகைகளை வைத்தே வெயிலைத் தடுத்துக் காற்றை விட்டார்கள். அது 1930-களில் திட்டமிட்ட கட்டிடம். இன்றைக்கு முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டு: அறைப் பட்டியல் குலுக்கலில் வரட்டும். ஊர்க்காரன் ஊர்க்காரனோடு, சாதிக்காரன் சாதிக்காரனோடு, காசுள்ளவன் குளிர்சாதன அறையில் என்று பிரிகிற விடுதியில் எந்த முற்றமும் உதவாது. முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டிடம் இன்றைக்குத் தேவை என்றால் இருக்கட்டும். அடுத்த ஆண்டிலிருந்தாவது எல்லா வருஷத்தாரும் கலந்து இருக்க வேண்டும், மூப்புக்கு எந்தச் சலுகையும் இல்லாமல். நல்ல அறை மூத்தவனுக்கு என்ற ஒரு சின்ன விதியில்தான் ராகிங்கின் விதை கிடக்கிறது.

மூன்று: மெஸ் நோட்டு மாணவர் கையில். வரவு செலவு சுவரில் ஒட்டப்பட வேண்டும். பந்தி ஒன்று, வாசல் ஒன்று, கை கழுவும் இடம் ஒன்று. சமைக்கிறவர்களும் துப்புரவு செய்கிறவர்களும் அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிடட்டும், மெஸ் குழுவில் அவர்களுக்கும் ஓட்டு இருக்கட்டும்.

நான்கு: சாவி விடுதிப் பொதுக்கூட்டத்திடம். மொட்டைமாடிச் சாவியும் சேர்த்துத்தான். மாணவர் தற்கொலையைக் காரணம் காட்டி மாடியைப் பூட்டுகிறார்கள். உயரத்தில் தடுப்பு வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். ஆனால் ஒருவன் மூன்று நாளாகப் பந்திக்கு வரவில்லை என்பதைக் கவனிக்கப் பத்துப் பேர் இல்லாத கட்டிடத்தில் எந்தத் தடுப்பு அவனைக் காப்பாற்றும்?

இவை பெரிய கனவுகள் அல்ல. சிமெண்டு விலையில் கொஞ்சம்தான் கூடும். கூடாதது அதிகாரத்தின் மனசு. ஆகவே இதைப் படிக்கிற மாணவத் தோழர்களும், விடுதிகளுக்குக் கூட்டம் பேசப் போகிற நண்பர்களும், அடுத்த முறை ஒரு புதிய விடுதிக்கு ரிப்பன் வெட்டும்போது சுவரின் வர்ணத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். அறைப் பட்டியலை யார் போட்டது, மெஸ் நோட்டு எங்கே, சாவி யாரிடம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில்தான் நம் வேலை இருக்கிறது.